பொட்டாசியம் வருடக்கணக்கில் குறைந்தே இருந்தால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும்: என் அனுபவம்

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு என்று வந்தால் எல்லோரும் முதலில் இதயத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அது நியாயம்தான். அளவு ரொம்பவும் இறங்கினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் அளவு அப்படி ஒரேயடியாக விழாமல், வருடக்கணக்கில் கொஞ்சம் கீழேயே கிடந்தால் மெல்ல மெல்ல அடி வாங்குவது சிறுநீரகம். எனக்கு நடந்தது அதுதான். ‘எனக்குப் பொட்டாசியம் எப்போதும் கம்மியாகத்தான் இருக்கும், பழகிவிட்டது’ என்று யாராவது சொல்லக் கேட்டால் மனசு பதறுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் ரிப்போர்ட்டுகளில் பொட்டாசியம் லிட்டருக்கு 2.6 முதல் 3.1 மில்லிமோல் வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இருக்க வேண்டிய அளவு ஏறக்குறைய 3.5 முதல் 5.0 வரை. (சில லேப்களில் மில்லிமோலுக்குப் பதிலாக மில்லி ஈக்விவலன்ட் என்று அச்சிடுவார்கள். பொட்டாசியத்துக்கு இரண்டும் ஒரே எண்தான்.) இரவில் கெண்டைக்காலில் குரக்கு இழுக்கும். விரல்கள் மதமதவென்று இருக்கும். மாடிப்படி ஏறினால் தொடை ஒத்துழைக்காது. ரத்த அழுத்தம் எப்போதும் குறைவு; உப்பை அப்படியே அள்ளித் தின்னலாம் போலத் தோன்றும். அசதி தாங்காமல் மருத்துவரிடம் போவேன். பொட்டாசியம் சிரப் எழுதித் தருவார்கள். அளவு 3.4-ஐத் தொடும். பாட்டில் முடிந்ததும் சிரப்பும் நிற்கும், சில வாரங்களில் பழையபடி இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் கிரியேட்டினினையும், அதாவது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவின் அளவையும், பார்த்தார்கள். அது சரியாக இருந்ததால் சிறுநீரகத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கிரியேட்டினின் சரியாக இருந்த அந்த வருடங்களிலேயே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டே இருப்பேன். தாகமும் விடாது. படுக்கையருகே தண்ணீர் பாட்டில் இல்லாமல் தூங்க முடியாது. சர்க்கரை நோயோ என்று பார்த்தார்கள், இல்லை. தண்ணீர் நிறையக் குடிப்பதால் சிறுநீர் நிறையப் போகிறது என்று முடிவாகிவிட்டது. உண்மையில் வரிசை தலைகீழ்: சிறுநீர் நிறையப் போனதால்தான் தாகம்.

இதன் காரணத்தைப் பின்னாளில் சிறுநீரக மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். உடம்பில் தண்ணீரைச் சேமிக்க வேண்டியிருக்கும்போது மூளையிலிருந்து வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் வருகிறது. அது வந்ததும் சிறுநீரகத்தின் கடைசிக் கட்டக் குழாய்களின் சுவரில் அக்குவாபோரின்-2 என்ற புரதம் வந்து பதியும். அதன் வழியாகத் தண்ணீர் உடம்புக்குள் திரும்பும், சிறுநீர் செறிவாகும். பொட்டாசியம் நீண்ட நாள் குறைந்திருந்தால் அந்தப் புரதத்தின் அளவே குறைந்துவிடுகிறது. ஹார்மோன் வந்தாலும் குழாய் முன்போல வேலை செய்வதில்லை. பொட்டாசியம் 3-க்குக் கீழே தொடர்ந்து இருப்பவர்களிடம் இது அதிகம் தெரியும். பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் என்ற அளவில்தான் சிறுநீர் போகும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பொட்டாசியம் குறைவாக இருக்கும் யாரைப் பார்த்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்பதைத்தான். வயதானவர்களுக்குப் புரோஸ்டேட், சர்க்கரை, தூக்கக் கோளாறு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் இளம் வயதில் குறைந்த பொட்டாசியமும் இந்த விழிப்பும் சேர்ந்து வந்தால் அதைச் சும்மா விடக் கூடாது.

ஒரு கட்டத்தில் கிரியேட்டினினும் நகர ஆரம்பித்தது. லேப் போட்டிருந்த எல்லைக்குள்ளேதான் இருந்தது, ஆனால் பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஏறுவது தெரிந்தது. இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு, தொண்ணூறுகளிலிருந்து அறுபதுகளுக்கு வந்திருந்தது. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தனியாகப் பார்த்தவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை. ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். கிரியேட்டினின் இன்று எவ்வளவு என்பதைவிட, ஐந்து வருடத்துக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்பது சில சமயம் அதிகம் சொல்லும். இன்னொன்று: கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. உடம்பு மெலிந்து தசை குறைந்தவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் அது நல்லபடியாகவே காட்டும். அப்படிப்பட்டவர்களுக்குச் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை உதவும்.

அந்த நிலையில்தான் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் எனக்குக் கூடுதலாகச் சிரப் எழுதவில்லை. “இத்தனை வருடமாகப் பொட்டாசியம் கொடுத்திருக்கிறார்கள். அது எந்த வழியாக வெளியே போகிறது என்று யாராவது பார்த்தார்களா?” என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. என் கதை முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்துதான் திரும்பியது.

பார்ப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. உடம்பில் பொட்டாசியம் குறைந்தால் ஆரோக்கியமான சிறுநீரகம் அதை வெளியேற்றுவதைச் சுருக்கிக்கொள்ளும். 24 மணி நேரச் சிறுநீரில் 25, 30 மில்லிமோலுக்குக் கீழே கொண்டுவந்துவிடும். ரத்தத்தில் குறைவாகவும் சிறுநீரில் அதற்கு மேலேயும் இருந்தால் கசிவது சிறுநீரகம் வழியாகத்தான். முழு நாளும் சேகரிக்க முடியாவிட்டால் ஒரு தடவைச் சிறுநீரிலேயே பொட்டாசியத்தையும் கிரியேட்டினினையும் அளந்து வகுத்துப் பார்ப்பார்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 13 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் அதுவும் சிறுநீரகக் கசிவைத்தான் காட்டுகிறது. கூடவே ரத்தத்தில் பைகார்பனேட், மெக்னீசியம், சிறுநீரில் குளோரைடு, கால்சியம். ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பவர்களுக்கு, உடம்பின் உப்பையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோன், ரெனின். இவ்வளவுதான்.

24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பதில் ஒரு விஷயம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சேர்க்கக் கூடாது, அந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மறுநாள் காலை அதே நேரம் வரை, மறுநாளின் முதல் சிறுநீரையும் சேர்த்து, ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை தவறினாலும் கணக்கு கெட்டுவிடும். மறுபடி ஆரம்பிப்பதே நல்லது. வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ரத்தம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். கையை இறுக மூடி மூடித் திறந்தாலோ, குழாயில் ரத்த அணுக்கள் உடைந்துபோனாலோ பொட்டாசியம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். குறைவு உள்ளவர்களுக்கு இதுதான் ஆபத்து, நிஜமான 2.9 என்பது 3.5 என்று வந்து எல்லோரையும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடும். மாதிரியில் அணுக்கள் உடைந்திருந்ததாக ரிப்போர்ட்டின் அடியில் குறிப்பு இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

விசாரணையின்போது எனக்கு வலித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சாப்பிட்டதும் வாந்தி எடுக்கும் பழக்கம் உண்டா, எடை குறைய நீர் பிரியும் மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா, பேதி மருந்து சாப்பிடுகிறீர்களா என்று விதவிதமாகக் கேட்டார்கள். சிறுநீரில் நீர் பிரியும் மருந்து இருக்கிறதா என்றும் பரிசோதித்தார்கள். நம்மை நம்பவில்லையே என்று அன்று அழுதேன். இப்போது யோசித்தால் அந்தக் கேள்விகள் கேட்கப்பட வேண்டியவைதான் என்று தோன்றுகிறது. நீண்ட காலப் பொட்டாசியக் குறைவால் சிறுநீரகத்தை இழந்தவர்களில் உணவுக் கோளாறு உள்ளவர்களும், பேதி மருந்தை வருடக்கணக்கில் விடாமல் எடுத்தவர்களும் உண்டு. வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே அவர்கள் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருப்பார்கள். வாந்தியில் சிறுநீரின் குளோரைடு மிகவும் குறையும். நீர் பிரியும் மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதும், என்னைப் போன்ற பிறவிக் கோளாறிலும் அது குறையாது. ஆக, உண்மை பரிசோதனையில் தெரியத்தான் போகிறது. இதைப் படிக்கும் உங்களுக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்தால், தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் இதை நிறையப் பார்த்திருப்பார்கள். நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் உங்கள் சிறுநீரகத்தைக் காப்பாற்றக்கூடும்.

எனக்கு வந்த விடை கிட்டெல்மன் சிண்ட்ரோம். 1966-ல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட பரம்பரைக் கோளாறு. அதற்குக் காரணமான எஸ்எல்சி12ஏ3 என்ற மரபணுவை 1996-ல் கண்டுபிடித்தார்கள். சிறுநீரகக் குழாயின் ஒரு பகுதியில் உப்பைத் திரும்ப எடுக்கும் புரதம் சரியாக வேலை செய்வதில்லை. உப்பு தப்பிப் போகிறது, அதை ஈடுகட்ட உடம்பு ஆல்டோஸ்டிரோனை ஏற்றுகிறது, ஆல்டோஸ்டிரோன் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. மெக்னீசியமும் சேர்ந்து போகிறது. சிறுநீரில் கால்சியம் மட்டும் குறைவாக இருக்கும். உப்பு மேல் இருந்த ஆசை, குறைந்த ரத்த அழுத்தம், குரக்கு, எல்லாம் ஒரே நூலில் கோத்ததுபோல விளங்கியது. பெயர் தெரிந்த அன்று எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது.

ஆனால் கிட்டெல்மன் மட்டும் இஜிஎஃப்ஆர் இறங்கியதை முழுதாக விளக்கவில்லை. பலருக்கு இந்தக் கோளாறில் சிறுநீரகச் செயல்பாடு நன்றாகவே இருக்கும். ஸ்கேனில் சிறுநீரகத்தின் உள்பகுதியில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் தெரிந்தன. சிறுநீரில் புரதம் அநேகமாக இல்லை, ரத்தமும் இல்லை. வேறு நோய் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, ஊசி மூலம் ஒரு துணுக்கு எடுத்துப் பயாப்ஸி செய்யலாம் என்றார் மருத்துவர். பயந்தேன், ஆனால் ஒப்புக்கொண்டேன். பயாப்ஸிக்கு முன்னால் பொட்டாசியத்தைப் பாதுகாப்பான அளவுக்கு ஏற்றினார்கள்.

ரிசல்ட்டில் இரண்டு விஷயங்கள் இருந்தன. வடிகட்டிக்கு அடுத்து வரும் குழாய்ப் பகுதியின் செல்களுக்குள் குமிழ் குமிழாக வெற்றிடங்கள். குழாய்களுக்கு நடுவே உள்ள திசுவில் அங்கங்கே தழும்பு, அதை ஒட்டிச் சுருங்கிப்போன குழாய்கள். வடிகட்டிகள் பெரும்பாலும் நன்றாக இருந்தன. “இந்தக் குமிழ்கள் பொட்டாசியம் ஏறினால் மறைந்துவிடும். தழும்பு மறையாது. இனி புதிதாகத் தழும்பு விழாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை” என்றார் மருத்துவர்.

அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. குமிழ்கள் தோன்றுவதற்கே பொட்டாசியம் பொதுவாக ஒரு மாதமாவது குறைந்திருக்க வேண்டும். ஆக, இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கி, பிறகு சரியானவர்கள் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. குமிழ் நிலையில் பிடித்துவிட்டால் திரும்பி வர வழி இருக்கிறது. செறிவாக்கும் திறனும் பெரும்பாலும் திரும்பும். அதையும் தாண்டி மாதங்கள் வருடங்களாகும்போதுதான் தழும்பும், குழாய்ச் சுருக்கமும், நீர்க்கட்டிகளும் வருகின்றன. நீர்க்கட்டிகள்கூட எப்போதும் நிரந்தரமில்லை. அட்ரீனல் சுரப்பியின் கட்டியால் ஆல்டோஸ்டிரோன் கூடிப் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு, அந்தக் கட்டியை எடுத்த பிறகு நீர்க்கட்டிகள் சுருங்கியதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. காலம்தான் இந்த நோயில் முக்கியமான அளவு. பொட்டாசியம் 3.0 என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் தெரியும். எவ்வளவு நாளாக 3.0 என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏன் தழும்பு விழுகிறது என்று கேட்டேன். ஒரே காரணம் இல்லை. பொட்டாசியத்தின் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. ரத்தத்தில் குறையும்போது செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியே வர, பதிலுக்கு அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி உள்ளே போகிறது. குழாயின் செல்கள் தங்களுக்குள் அமிலம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அம்மோனியாவை அதிகமாகத் தயாரிக்கின்றன. அந்த அம்மோனியா நம் நோய் எதிர்ப்பு அமைப்பின் ஒரு பகுதியைத் தூண்டிவிட்டு, குழாய்களைச் சுற்றி அழற்சியைக் கிளப்புகிறது என்று விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்னொரு பக்கம், சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்கள் இறுகி, ரத்த ஓட்டம் குறைகிறது. உள்பகுதிக்கு ஏற்கனவே ஆக்சிஜன் குறைவாகத்தான் கிடைக்கும். அதுவும் குறைந்தால் சேதம் வேகமாகும்.

அதே அமிலக் குழப்பத்தால் சிறுநீரில் சிட்ரேட்டும் குறைகிறது. கால்சியம் கல்லாகப் படியாமல் தடுப்பது சிட்ரேட். அதனால் சிலருக்குக் கல்லும் சேர்ந்துகொள்ளும். சிறுநீரில் கால்சியம் குறைவாக இருப்பதால் எனக்கு அது வரவில்லை. திடீரென்று சிறுநீரகம் முடங்கும் வழி ஒன்றும் உண்டு: பொட்டாசியம் 2.5-க்குக் கீழே போனால் தசைகள் சிதைய ஆரம்பிக்கலாம், சிதைந்த தசையிலிருந்து வரும் புரதம் குழாய்களை அடைக்கும். தசை வலியோடு சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போனால் அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டிய நேரம். கை கால் தூக்க முடியாத பலவீனம், படபடப்பு, மயக்கம், மூச்சுவிடச் சிரமம் ஆகியவற்றுக்கும் அதே பதில்.

சிகிச்சைக்கு வருகிறேன். நான் கற்றுக்கொண்டதில் பெரியது மெக்னீசியம். மெக்னீசியம் குறைவாக இருந்தால், குழாய் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் பாதை அடைபடாமல் திறந்தே கிடக்கும். எவ்வளவு பொட்டாசியம் ஊற்றினாலும் ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய கதைதான். எனக்குப் பொட்டாசியம் பரிசோதித்த அளவுக்கு மெக்னீசியம் பரிசோதிக்கவே இல்லை. பொட்டாசியம் ஏறவே மாட்டேன் என்கிறது என்றால் “மெக்னீசியம் பார்த்தீர்களா டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள். அமிலச் சுரப்பைக் குறைக்க வருடக்கணக்கில் ஒமெப்ரசோல் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் மெக்னீசியம் இறங்கலாம், அதையும் சொல்லுங்கள். மெக்னீசியம் மாத்திரை ஒரே வேளையில் அதிகம் போட்டால் வயிற்றுப்போக்கு வரும். வயிற்றுப்போக்கில் பொட்டாசியமே போய்விடும். அதனால் நாள் முழுக்கப் பிரித்து எடுக்கிறேன்.

அடுத்து, எந்தப் பொட்டாசியம் என்பது. ‘வாழைப்பழம் சாப்பிடு, சரியாகிவிடும்’ என்று சொல்லாதவர்களே இல்லை. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 10 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கலாம். ரத்தத்தில் 4-லிருந்து 3-க்கு இறங்கினாலே உடம்பு மொத்தமாக 200 முதல் 400 மில்லிமோல் வரை இழந்திருக்கும். அதுவும் கசிவு நிற்காதபோது பழத்தால் எட்டிப் பிடிக்க முடியாது. தவிர, உணவில் இருக்கும் பொட்டாசியம் பெரும்பாலும் சிட்ரேட், பாஸ்பேட் போன்றவற்றோடு சேர்ந்தது. வாந்தி, நீர் பிரியும் மருந்து, கிட்டெல்மன் ஆகியவற்றில் குளோரைடும் சேர்ந்து போகிறது, ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அங்கே பொட்டாசியம் குளோரைடுதான் வேலை செய்யும். நல்ல உணவு வேண்டாம் என்று சொல்லவில்லை, அது துணை மட்டும்தான்.

மெதுவாகக் கரையும் பொட்டாசியம் குளோரைடு மாத்திரையில், 600 மில்லிகிராம் என்றால், 8 மில்லிமோல் இருக்கும். அதைப் பொடிக்கவோ கடிக்கவோ கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்து, நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுக்கக் கூடாது. தொண்டையிலோ உணவுக் குழாயிலோ ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். மலத்தில் சில சமயம் மாத்திரையின் கூடு அப்படியே வரும். மருந்து உறிஞ்சப்பட்ட பிறகு மிச்சமிருக்கும் வெறும் கூடு அது. பார்த்துப் பயப்பட வேண்டாம். சிரப் குடிப்பவர்கள் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் வயிறு எரியாது.

இதற்கும் மேல் கசிவையே குறைக்க ஸ்பைரோனோலாக்டோன், அமிலோரைடு போன்ற மருந்துகள் உண்டு. எனக்கு அமிலோரைடு சிறிய அளவில் கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் ஏற்கனவே குறைவு என்பதால் உப்பைத் தாராளமாகச் சேர்க்கச் சொன்னார்கள். இது என் கோளாறுக்கான ஆலோசனை. ரத்த அழுத்தம் அதிகம் இருப்பவர்களுக்கு நேர் எதிர்: உப்பு கூடக் கூடச் சிறுநீரில் பொட்டாசியம் இழப்பும் கூடும்.

இலக்கு எவ்வளவு என்பதில் எனக்கு ஆரம்பத்தில் மன உளைச்சல் இருந்தது. 4-ஐத் தொட வேண்டும் என்று மாத்திரைகளை ஏற்றி வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. சிறுநீரக நோய்களுக்கு வழிகாட்டுதல் தரும் சர்வதேச அமைப்பான கேடிகோ, கிட்டெல்மனுக்காக 2017-ல் வெளியிட்ட நிபுணர் கருத்தில் பொட்டாசியம் 3.0, மெக்னீசியம் 0.6 மில்லிமோல் என்பதையே நியாயமான இலக்காகச் சொல்கிறார்கள். எல்லா நேரமும் எட்ட முடியாது என்றும் ஒப்புக்கொள்கிறார்கள். நான் இப்போது 3.2, 3.3 என்று இருக்கிறேன். இரவில் எழுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இஜிஎஃப்ஆர் இன்னும் அறுபதுகளிலேயே நிற்கிறது, மேலும் இறங்கவில்லை. அது எனக்குப் பெரிய விஷயம்.

என் நோய் அபூர்வம். காத்திருப்போர் அறையில் நான் சந்தித்தவர்களின் காரணங்கள் அபூர்வமில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் எடுப்பவர்கள், கால் வீக்கத்துக்கு ஃபியூரோசமைடு எடுப்பவர்கள்தான் அங்கே அதிகம். இந்த மருந்துகள் கெட்டவை இல்லை, பலரின் உயிரைக் காப்பவை. தானாக நிறுத்தினால் வேறு ஆபத்து. ஆனால் ஆரம்பித்த சில வாரங்களிலும், அளவு மாற்றும்போதும், அப்புறம் அவ்வப்போதும் பொட்டாசியம் பார்க்க வேண்டும். மாத்திரைச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருந்து, பரிசோதனையை மட்டும் விட்டுவிடும்போதுதான் வருடங்கள் ஓடிவிடுகின்றன. ரத்த அழுத்தம் அதிகம், கூடவே பொட்டாசியம் குறைவு என்றால் ஆல்டோஸ்டிரோன், ரெனின் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அட்ரீனல் சுரப்பியில் கோளாறு இருந்தால் அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது. அதிமதுரத்தை நாள்தோறும் அதிக அளவில் எடுப்பதும் அதே நிலையை உண்டாக்கும், இயற்கைப் பொருள்தானே என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு சொன்னபின் எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. பொட்டாசியத்தை வெளியேற்றும் முக்கிய உறுப்பு சிறுநீரகம்தான். அது பலவீனப்பட்டபின் பொட்டாசியம் ஏறுவதும் எளிது. ஏறினால் இதயத்துக்கு உடனடி ஆபத்து. என்னைப் போல் இஜிஎஃப்ஆர் குறைந்த ஒருவர் பொட்டாசியம் மாத்திரையோடு அமிலோரைடும் எடுத்துக்கொண்டு, மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபன் வகை வலிமாத்திரையும் போட்டால் அளவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. உப்புக்கு மாற்று என்று விற்கப்படும் பொடிகள் பலவற்றில் இருப்பதும் பொட்டாசியம் குளோரைடுதான். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தானாகப் பொட்டாசியம் வாங்கிச் சாப்பிடாதீர்கள். பரிசோதனை இல்லாமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

கிட்டெல்மன் மரபு வழியாக வருவது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். ஒரு குழந்தைக்கு இருந்தால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. என் தங்கையிடம் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னபோது, “எனக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் அசதிதான்” என்று தள்ளிப்போட்டாள். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் லேபுக்குப் போனாள். பொட்டாசியம் 2.9, மெக்னீசியமும் குறைவு. கிரியேட்டினின் பழைய ரிப்போர்ட்டுகளோடு ஒப்பிட்டாலும் நகரவில்லை, ஸ்கேனும் சுத்தம். அவளுக்குச் சிகிச்சை என்னைவிடப் பல வருடம் முன்னதாகவே ஆரம்பமாகிவிட்டது. கர்ப்ப காலத்தில் பொட்டாசியம், மெக்னீசியத் தேவை கூடும் என்பதால், திட்டமிடும்போதே சொல்லிவிடும்படி அவளிடம் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் இருவரும் இப்போது பர்சில் ஒரு சீட்டு வைத்திருக்கிறோம். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் எங்களுக்குப் பொட்டாசியம் மற்றவர்களைவிட வேகமாக விழும். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு எங்கள் கதையைக் கேட்க நேரம் இருக்காது. அதனால் சீட்டில் இவை மட்டும்: நோயின் பெயர், எங்கள் வழக்கமான பொட்டாசிய, மெக்னீசிய அளவுகள், கடைசி இஜிஎஃப்ஆர், எடுக்கும் மருந்துகள். வந்ததும் ஈசிஜி, பொட்டாசியம், மெக்னீசியம் பார்க்கவும். வெறும் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டாம், அது இன்சுலினைத் தூண்டிப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளி ரத்தத்தில் இன்னும் குறைத்துவிடும். மூச்சுத்திணறலுக்குத் தரும் சால்பியூட்டமால் நெபுலைசரும் அப்படித்தான், தேவைப்பட்டால் கண்காணிப்போடு தரவும். அசித்ரோமைசின் போல ஈசிஜியில் க்யூடி எனப்படும் இடைவெளியை நீட்டும் மருந்துகளைத் தவிர்க்கவும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் எங்கள் சிறுநீரக மருத்துவரிடம் பேசவும். கடைசி வரியில் அவருடைய தொலைபேசி எண்.